நிராகரிக்கப்பட்ட மலை

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் கற்பிக்கும் பாடசாலையின் முன்வளவிலே நினைவுச் சின்னமொன்றை அமைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. மாணவரிடமும் மாதிரிகள் கோரப்பட்டன. உயர்தர வகுப்பிற் சித்திரம் பயிலும் மாணவனொருவன் களிமண்ணில் ஒரு மாதிரியைச் செய்து கொண்டுவந்தான். அதிலே சிலையுமில்லை, பீடமுமில்லை. வளவில் நின்ற வேம்பைச் சுற்றி மூன்று வட்டமாகப் படிகள்; பிள்ளைகள் அமர்ந்து படிக்கலாம்; மழைநீர் படிவழியே வேரடிக்கு வடியும். அமைப்புக் குழு இரண்டு நிமிடத்தில் அதனை ஒதுக்கிவிட்டு, சீமெந்து வேலைத்தலமொன்றில் ஆயத்தமாகக் கிடந்த உருவமொன்றை வாங்கி நிறுத்தியது. “என்ன காரணம், சேர்?” என்று அம்மாணவன் எம்மிடம் கேட்டான். அக்குழுவில் நாமும் ஓர் உறுப்பினர். காரணம் எதுவும் அங்கு பேசப்படவேயில்லை. ஆதலால் எம்மிடம் விடையும் இருக்கவில்லை.

சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் கலை விமர்சனத்தில் அதிகம் ஆராயப்படாத பிரச்சினையொன்று அதனுள்ளே அடங்கியிருக்கின்றது. பொது இடங்களுக்கென ஆக்கம் செய்ய முனையும் சிற்பி, தன் திட்டம் நிராகரிக்கப்படும்போது அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்கிறான்? எதைக் கற்றுக்கொள்ளலாம்? இவ்வினாவை எழுத்தாளனை வைத்து விளக்கிவிட முடியாது. பத்திரிகையாசிரியர் திருப்பி அனுப்பிய கவிதை கவிதையாகவே இருக்கின்றது, கவிஞன் அதனை நண்பர்க்குப் படித்துக் காட்டலாம், கடன்பட்டேனும் அச்சேற்றலாம். பொது இடச் சிற்பியின் நிலை வேறு. நிலம் அவனுடையதன்று, கல்லும் உருக்கும் அவனுடையனவல்ல, பணமும் அனுமதியும் பிறர் கையில். மறுக்கப்பட்ட அவனது திட்டம் மேசைமேல் நிற்கும் ஒரு சாணுயரச் சாந்து மாதிரியாகவே எஞ்சுகின்றது. எனவே அவன் பெற்ற மறுப்புக்களின் வரலாறு, நிலத்தையும் பணத்தையும் அனுமதியையும் கையில் வைத்திருந்த சமுதாயத்தின் வரலாறுமாகும்.

இது பற்றி எம்மிடையே வழங்கும் விளக்கங்கள் இரண்டு. ஒன்று, மேதையைச் சமகாலம் புரிந்துகொள்வதில்லை, காலம் அவனுக்கு நீதி வழங்கும் என்பது. மற்றது, மக்களுக்குப் புரியாததைச் செய்தவன் மறுக்கப்பட்டது நியாயமே என்பது. முன்னது கலைஞனைச் சமுதாயத்துக்கு வெளியே நிறுத்துகின்றது. பின்னது, மறுத்தவர் யாரென்று பாராமலே மறுப்பை மக்களின் தீர்ப்பாக்கி விடுகின்றது. இரண்டுமே போதா.

முதலாவது விளக்கத்துக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது பிரெஞ்சுச் சிற்பி றோடான் ஆக்கிய பல்சாக் சிலையாகும். பாரிஸ் நகரத்து எழுத்தாளர் சங்கமொன்று 1891இல் அவரிடம் அப்பணியை ஒப்படைத்தது. 1898இல் அவர் சாந்துருவைக் காட்சிக்கு வைத்தபோது, நீண்ட அங்கியுட் பொதிந்த அவ்வுருவத்தைப் பலர் ஏளனஞ் செய்தனர்; சங்கம் ஏற்க மறுத்தது. றோடான் அதனைத் தம் இல்லத்துக்கே எடுத்துச் சென்றார். அவர் இறந்தது 1917இல். சிலை வெண்கலத்தில் வார்க்கப்பட்டுப் பாரிஸ் தெருவொன்றில் நிறுத்தப்பட்டது 1939இல். காலம் நீதி வழங்கியது என்பார்கள். காலம் தானாக எதனையும் வழங்குவதில்லை. பல்சாக்கின் உருவம் ஏற்கெனவே முழுமை பெற்றிருந்தது; அதனைச் சேமித்து வைக்க இயன்றது; பின்வந்தோர் வார்க்க இயன்றது. நிலத்தையே மூலப்பொருளாகக் கொண்டு, மனிதர் நடமாடுவதற்கென வகுக்கப்பட்ட சிற்பத்தை எந்த அறையிற் சேமித்து வைப்பது?

இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் இசாமு நொகுச்சி. இருபதாம் நூற்றாண்டின் சிற்பிகளுள் இவரளவு மறுப்புக்களைப் பெற்று, அவற்றைத் தம் கலையின் வளர்ச்சிப் படிகளாக்கிக் கொண்டோர் மிகச் சிலரே. 1904இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பிறந்தார். தந்தை யோனே நொகுச்சி யப்பானியக் கவிஞர். தாய் லியோனி கில்மோர் அமெரிக்க எழுத்தாளர். இளமை யப்பானிற் கழிந்தது, உயர்கல்வி அமெரிக்காவில். 1927இல் பாரிஸ் சென்று பிராங்கூசியின் பட்டறையில் உதவியாளராயிருந்து கல் வேலை பயின்றார். இரு நாடுகளுக்கும் உரியவராகவும், இரு நாடுகளாலும் பிறராகக் கருதப்பட்டவராகவும் வாழ்ந்தமை அவருக்கு நேர்ந்த மறுப்புக்களை விளங்கிக்கொள்ள இன்றியமையாத செய்தியாகும்.

1933ஆம் ஆண்டு. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அமெரிக்க நகரங்களை வேலையற்றோர் கூட்டங்களாக்கியிருந்தது. அக்காலத்தில் நொகுச்சி ‘விளையாட்டு மலை’ என்றொரு திட்டத்தை வகுத்தார். நியூயோர்க் நகரத்தின் ஒரு தெருக்கட்டு முழுவதையும் சாய்ந்த ஒரு குன்றாக்குவது. ஒரு பக்கம் ஏறும் படிகள். மறுபக்கம் பனிக்காலத்திற் சறுக்குவதற்கான சரிவு. கோடையில் நீரோடு சறுக்கிக் குளத்தில் விழுவதற்கு ஒரு வழி. குன்றின் உள்ளே அறைகள். ஊஞ்சலென்றும் சறுக்கென்றும் தனித்தனிக் கருவிகள் அங்கில்லை. நிலமே கருவி, அதை என்ன செய்வதென்று தீர்மானிப்பவர் குழந்தைகளே. இடமற்ற நகரத்தில், முற்றமற்ற வீடுகளின் பிள்ளைகளுக்கு நிலத்தை மேனோக்கி மடித்துக் கொடுக்கும் சிந்தனை இது. சிலையிலிருந்து பீடத்தை நீக்கியவர் சிலர் முன்னரும் இருந்தனர். பார்ப்பவனையே சிற்பத்தின் மேல் ஏறி ஓடச் செய்ததில் நொகுச்சியின் புதுமை இருந்தது.

1934இல் நியூயோர்க்கின் பூங்காக்களுக்குப் பொறுப்பான ஆணையாளராக றொபேட் மோசஸ் பதவியேற்றார். நொகுச்சி தம் சாந்து மாதிரியுடன் அவரிடம் சென்றார். மோசஸ் வாய்விட்டுச் சிரித்து அவரை அனுப்பிவிட்டதாக நொகுச்சி பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அதே காலத்தில், வேலையற்ற கலைஞருக்கென அரசாங்கம் ஆரம்பித்த பொதுக் கலைத் திட்டத்துக்கும் அவர் பிரேரணைகள் அனுப்பினார். அவற்றுள் ஒன்று ‘கலப்பைக்கு நினைவுச் சின்னம்’: சமவெளியின் நடுவே மிகப் பெரியதோர் பிரமிட் வடிவ மண்மேடு, அதன் பக்கங்களில் உழுசாலும் பயிரும், உச்சியில் உருக்குக் கலப்பை. அதுவும் மறுக்கப்பட்டது. வழக்கமான சிற்பமாக ஏதேனும் செய்யுமாறு அவருக்குக் கூறப்பட்டது. தளபதிக்கும் அதிபருக்கும் சிலையெழுப்பிப் பழகிய கண்களுக்கு, உழவனின் கருவிக்கு எழுப்பிய மண்மேடு சிற்பமாகத் தோன்றாதது வியப்பன்று. பெஞ்சமின் பிராங்கிளினுக்கு மின்னலின் வடிவிலே அவர் வகுத்த நினைவுச் சின்னமும் அவ்வாண்டுகளில் ஏற்பாரின்றிக் கிடந்தது.

இம்மறுப்புக்களில் இனவெறுப்பின் சாயலும் சில வேளை கலந்திருந்தது. கறுப்பினத்தவர் கும்பலாற் கொலையுண்ட கொடுமையைக் கண்டித்து, தூக்கிலே தொங்கும் உடலொன்றை 1934இல் அவர் உலோகத்தில் வடித்தார். பத்திரிகை விமர்சகரொருவர் ஆக்கத்தின் பொருளை ஆராய்வதை விடுத்து, சிற்பியின் யப்பானியப் பிறப்பைச் சுட்டிப் பரிகசித்தார். கலை விமர்சனத்தின் உடையில் வந்த இழிவுரை அது. இத்தகைய மறுப்பிலிருந்து ஒரு சிற்பி தன் தொழில் பற்றிக் கற்பதற்கு எதுவுமில்லை. தான் வாழும் சமுதாயத்தைப் பற்றிக் கற்பதற்கு நிறைய உண்டு.

நிற்க. நிலம் மறுக்கப்பட்டபோது நொகுச்சி என்ன செய்தார்? தலையுருவங்கள் செய்து வயிற்றைக் கழுவினார். நாட்டிய மேடையிற் புகுந்தார். 1935இல் மார்த்தா கிரகாமின் ‘எல்லைப்புறம்’ என்ற ஆடலுக்கு அவர் அமைத்த அரங்கில் இருந்தவை ஒரு வேலித் துண்டும் இரண்டு கயிறுகளுந்தான். மேடையின் பின்புறத்திலிருந்து மேலே விரிந்து சென்ற அக்கயிறுகள் வெறும் வெளியையே பரந்த சமவெளியாக்கின. தெருக்கட்டு கிடைக்காதவன் மேடையின் வெளியைக் கொண்டு இடத்தைச் செதுக்கப் பழகினான். இதனைச் சமரசமென்று கூறுதல் பொருந்தாது. கிடைத்த களத்தில் அதே பிரச்சினையைத் தொடர்ந்து ஆராய்ந்தமை என்றே கூறவேண்டும்.

மறுப்பிலிருந்து நேரடியாகக் கற்றமைக்குச் சிறந்த சான்று 1941இல் அவர் வகுத்த விளையாட்டிடமாகும். அதற்குச் சற்று முன்னர் ஹவாய்த் தீவின் ஹொனலூலு நகரப் பூங்காவொன்றுக்கென அவர் விளையாட்டுக் கருவிகள் சிலவற்றை வகுத்திருந்தார். அத்திட்டம் நிறைவேறவில்லை. அவற்றை நியூயோர்க் பூங்காத் திணைக்களத்துக்குக் காட்டியபோது, பிள்ளைகள் விழுந்து காயப்படுவர் என ஆட்சேபிக்கப்பட்டது. இக்கருத்தை அவர் அதிகாரியின் கோழைத்தனமென ஒதுக்கியிருக்கலாம். அவர் அதனை ஆராய்ந்தார். விழுவதற்கு உயரம் வேண்டும். மோதுவதற்கு விளிம்பு வேண்டும். உயரத்தையும் விளிம்பையும் நீக்கிவிட்டால் என்ன? இவ்வாறு பிறந்தது மேடும் பள்ளமுமாக அலையலையாய் அமைந்த வெறும் தரை. அதிலே ஓடலாம், உருளலாம், ஒளியலாம், விழ இடமில்லை. ஆட்சேபத்துக்கு முழுமையான விடையும் அதுவே. சிற்பமென்ற வகையில் முந்திய கருவிகளிலும் அதுவே மேலானது. தரையையே சிற்பமாக்கும் முதற் சிந்தனை அங்கே மேலும் தூய்மை பெற்றது. இத்திட்டம் அதிகாரிகளிடம் ஓரளவு வரவேற்புப் பெற்றதெனினும் உலகப்போர் குறுக்கிட்டதால் கைவிடப்பட்டது.

போர் வேறொரு பாடத்தையும் கற்பித்தது. 1942இல் அமெரிக்க அரசாங்கம் மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளியினரை, ஏறக்குறைய 120,000 பேரை, பாலைவன முகாம்களில் அடைத்தது. அவருட் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். நியூயோர்க்வாசியான நொகுச்சியை அக்கட்டளை தீண்டவில்லை. எனினும் அவர் தாமாகவே அரிசோனாப் பாலைநிலத்துப் போஸ்டன் முகாமுக்குச் சென்றார். அங்கு அடைபட்ட மக்களுக்குப் பூங்காவும் விளையாட்டிடமும் மயானமும் வகுத்து வரைபடங்கள் தீட்டினார். ஒன்றேனும் நிறைவேறவில்லை. வெளியேற விரும்பியபோதோ அனுமதி இலகுவிற் கிடைக்கவில்லை. நவம்பர் மாதத்திலேதான் வெளியே வந்தார். மனிதரை அடைத்து வைக்கும் அதிகாரம் அவர்களுக்குப் பூங்கா அமைக்க முன்வராது என்பதை அவர் அறியாமற் சென்றது வெகுளித்தனமே. ஆயினும், பூங்காவுக்கு முன்னர் சுதந்திரம் வேண்டும் என்ற உண்மையை நூல்களிற் படித்தவரைவிட அவர் நன்கு கற்றிருப்பார்.

போருக்குப் பின்னர், 1949 முதல் அவர் நீண்ட யாத்திரை மேற்கொண்டார். நினைவுச் சின்னங்களும் பொது இடங்களும் மக்கள் வாழ்விற் பெறும் இடத்தை அறிவதே நோக்கம். கிரேக்கம், எகிப்து, இந்தியா ஆகியவற்றோடு எமது இலங்கைக்கும் வந்து பழைய நகரங்களைப் பார்த்தார். ஜயப்பூர் அரசனொருவன் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைத்த ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடங்கள், ஏறி இறங்கும் படிகளும் வளைந்த கற்சுவர்களுமாக அவர் மனத்திற் பதிந்தன. அலுவலகங்களில் ‘இது சிற்பமன்று’ என்று கேட்டுக் கேட்டுத் திரும்பியவருக்கு, மக்கள் சுற்றி நடப்பதும் ஏறுவதும் கூடுவதுமே சிற்பத்தின் பயனாக இருந்த நீண்ட மரபொன்றின் சாட்சியம் ஆசியாவிலே கிடைத்தது.

1951இல் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தின் அருகில் சிறுவர் விளையாட்டிடமொன்று அமைக்கும் வாய்ப்புத் தோன்றியது. கட்டடக் கலைஞர் ஜூலியன் விற்றில்சியுடன் இணைந்து நொகுச்சி திட்டம் வகுத்தார். பணம் தரத் தனியார் முன்வந்திருந்தனர். உலக நாடுகள் கூடும் மனையின் பக்கத்தில் உலகத்துப் பிள்ளைகள் விளையாடும் நிலம்! மீண்டும் குறுக்கே நின்றவர் மோசஸ். 1952இல் திட்டம் வீழ்ந்தது. நவீன கலை நூதனசாலை அம்மாதிரியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. இச்செயல் முக்கியமானது. மூடிய அறைக்குள் ஒருவர் கூறிய ‘இல்லை’ அன்றுதான் பகிரங்கமாயிற்று.

மோசஸ் 1934 முதல் 1960 வரை அப்பதவியை வகித்தார். மக்கள் வாக்களித்து அவரை அதற்கு அனுப்பியதில்லை. நகரத்துக்கு நூற்றுக்கணக்கான விளையாட்டிடங்களை அமைத்தவரும் அவரே என்பதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: வேலி, தாரிட்ட தரை, ஊஞ்சல், சறுக்கு. எண்ணிக்கைக்கும் மேற்பார்வைக்கும் இசைந்த அமைப்பு அது. குழந்தை தானே விளையாட்டைக் கற்பித்துக்கொள்ளும் நிலம் அக்கணக்கிலே அடங்காது. எனவே நொகுச்சியின் மலை மறுக்கப்பட்டதை ஒரு மனிதரின் இரசனைக் குறைவாக மட்டும் நோக்குதல் போதாது. பொதுநிலத்தை மக்களின் பெயரால் ஆண்டு, மக்களைக் கேளாமலே முடிவுசெய்த நிர்வாக முறையே அங்கு சிரித்தது.

இனி ஹிரோஷிமா. இங்கே நாம் மிக நிதானமாகப் பேசவேண்டியிருக்கின்றது. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டால் அழிந்த அந்நகரில் சமாதானப் பூங்கா அமைக்கும் போட்டியிற் கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே 1949இல் வெற்றி பெற்றிருந்தார். அங்கு செல்லும் இரு பாலங்களின் கைப்பிடிச் சுவர்களை நொகுச்சி வகுத்தார், அவை கட்டப்பட்டன. பின்னர் இறந்தோர் நினைவுச் சின்னத்தையும் வகுக்குமாறு தாங்கே அவரை அழைத்தார். கருங்கல்லாலான கனத்த வளைவொன்று. அதன் கால்கள் நிலத்துள் இறங்கி ஓர் அறையைத் தாங்கும். அந்நிலவறையில் இறந்தோர் பெயர்கள் பேணப்படும். மேலே தெரிவது சிறுபகுதி. துயரத்தின் பாரம் மண்ணுக்குக் கீழே. பொறுப்பான குழு அதனை ஏற்கவில்லை. குண்டை வீசிய நாட்டின் பிரஜை தாம் என்பதே காரணமென நொகுச்சி உணர்ந்தார். தாங்கே தாமே வகுத்த வளைவு 1952 ஓகஸ்ட் 6ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது.

இம்மறுப்பை மோசஸின் சிரிப்போடு ஒரே தட்டில் வைத்தல் தவறு. தன் பிணங்களைத் தானே எண்ணிய நகரத்துக்கு, தன் நினைவுச் சின்னத்தை யார் கையில் ஒப்படைப்பதென்று தீர்மானிக்க உரிமையுண்டு. அதே வேளையில், பிறப்பின் பேரால் அமெரிக்காவிலே யப்பானியராக இகழப்பட்டவர் யப்பானிலே அமெரிக்கராக விலக்கப்பட்டதில் உள்ள அநீதியையும் காணாதிருக்க இயலாது. அவரது வளைவைவிட நிறைவேறிய வளைவு தாழ்ந்ததென்று நாம் கூறமாட்டோம்; அதுவும் மக்கள் துயரைத் தாங்கி நிற்கின்றது. நாம் சுட்டுவது ஒன்றே: காரணம் பகிரங்கமாகச் சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டிருந்தால், அணு யுகத்தில் குற்றத்தைப் பற்றியும் துக்கத்தைப் பற்றியும் இரு நாட்டு மக்களும் உரையாடுவதற்கு அதுவே தொடக்கமாகியிருக்கலாம். சொல்லாத காரணம் சிற்பியின் நெஞ்சில் வடுவாகவே நின்றுவிட்டது.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு நொகுச்சியைக் குறையற்ற கதாநாயகனாக்கிவிட நாம் விரும்பவில்லை. 1961 முதல் நியூயோர்க்கின் றிவர்சைட் பூங்காவில் விளையாட்டிடமொன்று அமைப்பதற்குக் கட்டடக் கலைஞர் லூயி கானுடன் சேர்ந்து அவர் உழைத்தார். ஐந்து தடவை திட்டம் மாற்றி மாற்றி வரையப்பட்டது. இம்முறை நகரசபை இணங்கிற்று. எதிர்த்தவர்களோ அயலிலே வாழ்ந்த மக்கள். உள்ள பூங்காவை உள்ளபடியே விடுங்கள் என்று அவர்களிற் பலர் கேட்டனர். வழக்கும் வாக்குவாதமுமாக ஆண்டுகள் கழிந்தன. 1966இல் ஜோன் லின்ட்சேயின் புதிய நகர நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது.

மாதிரியை ஐந்து தடவை மாற்றிய கலைஞர்கள், மாற்றும் முறையை மாற்றவில்லை. பட்டறையில் வரைந்து, அதிகாரியிடம் காட்டி, இறுதியில் மக்களிடம் அறிவிக்கும் முறையே கையாளப்பட்டது. மோசஸ் கேளாதது குற்றமென்றால், மக்களின் நண்பராகிய சிற்பி கேளாததும் குறையே. தம் முற்றத்து மரத்தையும் புல்லையும் இழப்போமென்று அஞ்சிய மனிதரின் அச்சம், பிள்ளை விழுந்துவிடும் என்று 1941இல் அதிகாரி கூறிய ஆட்சேபத்திலும் குறைந்ததன்று. அதிகாரியின் ஆட்சேபத்தை ஆராய்ந்து அழகிய விடையொன்றைக் கண்டவர், அயலவரின் ஆட்சேபத்தை அதே சிரத்தையுடன் ஆராய்ந்ததற்கான அடையாளத்தை அத்திட்டங்களிற் காண்பது அரிது.

ஆகவே மறுப்புக்கள் யாவும் ஓரினமல்ல. அதிகாரமும் செருக்கும் கூறும் மறுப்பு உண்டு. அதற்கு விடை, கருத்தைக் கைவிடாது வேறு களம் தேடுதல். தொழில் பற்றிய மறுப்பு உண்டு; அதற்கு விடை, ஆட்சேபத்தையே ஆக்கத்தின் உள்ளே ஏற்று வடிவத்தை வளர்த்தல். மக்களின் காயத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் எழும் மறுப்பு உண்டு. அதற்கு விடை, கருவியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தல். எந்த மறுப்பு எவ்வினத்தது எனப் பிரித்தறியும் ஆற்றலே பொது இடச் சிற்பி கற்கவேண்டிய முதற் பாடம். எல்லா மறுப்பையும் பகையெனக் கொள்பவன் தனிமையிலே கசந்துபோவான். எல்லா மறுப்பையும் நியாயமெனக் கொள்பவன் தளபதிகளின் குதிரைகளை வார்த்தே முடிவான்.

நொகுச்சியின் பிற்காலம் முதல் இரண்டையும் அவர் நன்கு கற்றதைக் காட்டுகின்றது. 1965–66இல் யோக்கோஹாமாவில் ‘குழந்தைகளின் நாடு’ எனப் பெயரிய பூங்காவில் அவரது விளையாட்டு நிலம் உருவாயிற்று. 1976இல் அட்லாண்டா நகரப் பூங்காவொன்றில் அவரது விளையாட்டிடம் நிறைவெய்தியது; அமெரிக்காவில் அவர் வாழ்நாளிற் கட்டி முடிக்கப்பட்ட விளையாட்டிடம் அது ஒன்றே. 1933இல் வகுத்த பிராங்கிளின் நினைவுச் சின்னம், 101 அடி உயர உருக்கு மின்னலாக 1984இல் பிலடெல்பியாவில் எழுந்தது. 1986இல் வெனிஸ் நகரத்துச் சர்வதேசக் கண்காட்சியில் அமெரிக்காவின் பிரதிநிதியாக அவர் கொண்டு சென்றது, பிள்ளைகள் ஏறிச் சறுக்கும் வெண்பளிங்குச் சுருள். ஜந்தர் மந்தரின் நினைவும் விளையாட்டு மலையின் நினைவும் அதிற் கலந்திருந்தன.

1988இல் யப்பானின் வடபால் உள்ள சப்போரோ நகரசபை அவரை அழைத்தது. நகரத்தின் கழிவைக் கொட்டிய மொயெரெநுமா என்னும் நிலத்தைப் பூங்காவாக்கும் முயற்சி அது. ஏறக்குறைய 189 ஹெக்ரயர் நிலம் முழுவதையும் ஒரே சிற்பமாகக் கொண்டு அவர் திட்டம் வகுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் திகதி இறந்தார். அவருடன் நெடுங்காலம் உழைத்த கட்டடக் கலைஞர் ஷோஜி சடாவோவும் நகரசபையினரும் பணியைத் தொடர்ந்தனர். 2005இல் பூங்கா முழுமையாகத் திறக்கப்பட்டது. அங்கே 30 மீற்றர் உயரத்தில், ஒரு பக்கம் கற்படிகளும் மறுபக்கம் புற்சரிவுமாக நிற்கும் குன்றின் பெயர் ‘விளையாட்டு மலை’. 1933இல் ஒரு மேசைமேல் நின்ற மலை, குப்பைமேட்டின் மீது எழுந்து நின்றது.

இக்கதையின் முடிவிலே மனமுருகிக் கைதட்டுவது எளிது. நாம் கைதட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்க விரும்புகின்றோம். 1933க்கும் 2005க்கும் இடையே 72 ஆண்டுகள். சிற்பிக்கு நீதி கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். பொருளாதார வீழ்ச்சியின் நடுவே நியூயோர்க் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு? ஹொனலூலுவில், போஸ்டன் முள்வேலியின் உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு? அவர்களுடைய மலையை எவரும் திருப்பிக் கொடுத்தாரல்லர். பல்சாக் வெண்கலத்திற் காத்திருக்கலாம். குழந்தைப் பருவம் காத்திருப்பதில்லை. பொது இடச் சிற்பம் மறுக்கப்படும்போது உண்மையில் இழப்பவர் கலைஞரைவிட மக்களே. ‘காலம் நீதி வழங்கும்’ என்ற வாக்கியத்தை இதனாலேயே நாம் சந்தேகத்துடன் நோக்கவேண்டியிருக்கின்றது.

அன்றியும், கலைஞனை மட்டும் நோக்கி ‘மறுப்பிலிருந்து கற்றுக்கொள்’ என்று உபதேசிப்பது பாதி நியாயமே. மறுப்பவரும் கற்கவேண்டாமா? நொகுச்சி தம் மாதிரிகளைப் பேணினார். 1968இல் எழுதிய தன்வரலாற்றில் நிறைவேறிய பணிகளோடு நிறைவேறாதவற்றையும் பதிந்தார். 1985இல் தாம் திறந்த நூதனசாலையில் அவற்றுக்கும் இடமளித்தார். அதனாலன்றோ நாம் இன்று மோசஸையும் மதிப்பிட முடிகின்றது! மாதிரிகள் குப்பைக்குப் போயிருந்தால், மறுத்தவர் தீர்ப்பே வரலாற்றின் தீர்ப்பாக நின்றிருக்கும்.

எமது சந்திகளையும் பாடசாலை வளவுகளையும் நோக்குவோம். சிலைகளுக்குக் குறைவில்லை. எந்தக் குழு, எந்த மாதிரிகளுள் இதனைத் தேர்ந்தது, ஏனையவை எவை, ஏன் விலக்கப்பட்டன என்பதைக் கூறும் மரபு எம்மிடம் வளரவில்லை. திறப்பு விழாவன்று திரை விலகும்போதுதான் ஊரார் தம் சிலையை முதன்முதலிற் காண்கின்றனர். பொதுப் பணத்தில், பொது நிலத்தில் எழும் எந்தச் சின்னத்துக்கும் வந்த மாதிரிகள் அனைத்தும், ஏற்றவையும் மறுத்தவையும், முடிவுக்கு முன்னர் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். மறுத்தவற்றுக்குக் காரணம் எழுத்திலே தரப்படல் வேண்டும். பெரும் புரட்சியெதனையும் நாம் கேட்கவில்லை. மாணவனின் கட்டுரையிற் சிவப்பு மையாற் குறுக்கே கோடிழுக்கும் ஆசிரியன் ஓரத்தில் எழுதவேண்டிய ஒரு வரியையே கேட்கின்றோம்.

அவ்வரியை எழுதாத ஆசிரியருள் நாமும் ஒருவர். அன்று குழுவிலே வாய் திறந்திருந்தால் ஒருவேளை மாதிரி ஏற்கப்பட்டிராது, காரணமேனும் பிறந்திருக்கும். வேம்பின் வேர்கள் படிகளைப் பெயர்த்துவிடும் என்று யாரேனும் சொல்லியிருந்தால், அம்மாணவன் வேர்களைப் பற்றிச் சிந்தித்து வேறொரு மாதிரியுடன் வந்திருப்பான். வாங்கி நிறுத்திய சீமெந்து உருவம் இன்றும் வளவில் நிற்கின்றது. இடைவேளைகளிற் பிள்ளைகள் அதனருகே செல்வதில்லை. வேம்பின் அடியிலே, வெறும் மண்ணில், வட்டமாக அமர்ந்திருக்கின்றார்கள்.